மறைத்து வாழச் சொல்லும் சட்டம்: கத்தோலிக்கக் குருக்களும் தன்பாலீர்ப்பும்



இந்தத் தலைப்பைச் சொன்னபோது வேறு தலைப்பு தாருங்கள் என்று கேட்காத, இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளைக் குழுவுக்கு முதல் நன்றி. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இன்றும் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் போகிறவன். எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களில் பலர் அங்கி அணிந்தவர்கள். ஆகவே இன்று பேசப்போவது எனக்கு அடுத்த வீட்டுச் சங்கதி இல்லை. தன்பாலீர்ப்பு பாவமா இல்லையா என்ற இறையியல் வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. அதற்குத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தன்பாலீர்ப்புள்ள ஒருவர் குருவாக விரும்பி வரும்போது திருஅவை அவரை எப்படி நடத்துகிறது, அப்படி நடத்துவதால் யாருக்கு என்ன கேடு வருகிறது என்பதே என் கேள்வி. என் முடிவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மறைத்தே தீர வேண்டும் என்று திருஅவை செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டிலிருந்துதான் கேடு பிறக்கிறது. ஈர்ப்பின் மீது பழி போட்டுவிட்டு அந்த ஏற்பாட்டை நாம் காப்பாற்றி வருகிறோம்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

2005 நவம்பர் மாத இறுதியில் வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அதற்கு ஒப்புதல் தந்திருந்தார். சில பக்கங்களே கொண்ட சிறிய ஆவணம். மூன்று வகையினரைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது, அவர்களுக்குக் குருப்பட்டமும் தரக் கூடாது என்றது. தன்பாலுறவில் ஈடுபடுகிறவர்கள், ஆழமாக வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், 'கே கலாச்சாரம்' என்று சொல்லப்படுவதை ஆதரிப்பவர்கள். வளரிளம் பருவத்தில் வந்துபோகும் தற்காலிக நாட்டம்தான் என்றால், திருத்தொண்டர் பட்டம் பெறுவதற்குக் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு முன்பே அது தெளிவாகத் தீர்ந்திருக்க வேண்டும் என்றது. இது திடீரென்று முளைத்த தடையும் இல்லை. 1961இலேயே துறவியருக்கான பேராயம் இதைச் சொல்லியிருந்தது. அப்போது தன்பாலீர்ப்பையும் சிறுவர் மீதான இச்சையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது. 2016 டிசம்பரில் வந்த குருத்துவப் பயிற்சிக்கான உலகளாவிய விதித்தொகுப்பும் 2005இன் தடையை மறுபடி உறுதிப்படுத்தியது.

மூன்று வகைகளில் முதலாவது நடத்தையைப் பற்றியது. அதில் எனக்குச் சிக்கல் இல்லை. மணத்துறவு வாக்கு கொடுக்கப் போகிறவன் யாருடனும் உறவு வைத்திருக்கக் கூடாது என்பது ஆணை விரும்புகிறவனுக்கும் பெண்ணை விரும்புகிறவனுக்கும் பொதுவான நிபந்தனை. இரண்டாவது வகைதான் இடிக்கிறது. யாரையும் தொட்டறியாத, வாழ்நாள் முழுதும் மணத்துறவில் இருக்க மனதாரத் தயாராக இருக்கிற இளைஞன் ஒருவனும் அந்த வகைக்குள் வந்துவிடுகிறான். அவன் என்ன செய்தான் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அதே ஆவணத்தின் கடைசிப் பகுதி இன்னொன்றையும் சொல்கிறது. பட்டம் பெறுவதற்காகத் தன் ஈர்ப்பை மறைப்பது பெரும் நேர்மைக்கேடு என்கிறது. ஆன்ம குருவிடமும் ஒப்புரவு கேட்கும் குருவிடமும் அந்த இளைஞன் மனம் திறந்தால், குருத்துவத்தை நோக்கிப் போகாதே என்று அவனைத் திருப்பிவிடுவது அவர்கள் கடமை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் பெட்டி படுக்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் குருவாகலாம், ஆனால் முதல் நாளிலிருந்தே பொய்யன். நேர்மையானவனைக் கீழே தள்ளிவிட்டு, மறைக்கத் தெரிந்தவனை மேலே நிறுத்தும் சல்லடை இது. இந்தச் சல்லடையில் சலித்த பிறகு, குருக்களிடம் ஏன் இவ்வளவு ஒளிவுமறைவு என்று கேட்பதில் பொருளில்லை.

அப்படியானால் இவர்கள் ஏன் குருமடத்துக்கு வருகிறார்கள் என்று கேட்கலாம். முதல் பதில் எளிது. மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் இறையழைத்தல் இருக்கிறது. இரண்டாவது பதிலை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் இருபத்தைந்து வயது தாண்டிய ஆண்மகன் திருமணம் ஆகாமல் நடமாட முடியுமா? அயர்லாந்திலும் போலந்திலும் தென் தமிழகக் கடற்கரையிலும் ஒரே கேள்விதான்: எப்போது கல்யாணம்? அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத ஒரே மரியாதையான நிலை குருத்துவம். பெற்றோர் கவலைப்படாமல் பெருமைப்படுகிறார்கள். முதல் நன்றித் திருப்பலிக்கு ஊரே பந்தல் போடுகிறது. பெண்ணை மணந்து அவள் வாழ்வையும் தன் வாழ்வையும் கெடுத்துக்கொள்ள மனமில்லாத, பக்தியுள்ள பையன் ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய புகலிடம் என்று எண்ணிப் பாருங்கள். நூற்றாண்டுகளாக அந்தப் புகலிடத்தைக் கொடுத்து வந்ததும் திருஅவைதான். அங்கே வந்தவனின் உண்மையைக் குற்றமாக்கியதும் திருஅவைதான்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. மறைப்பதே விதி என்ற இடத்தில் தலையெண்ணிக்கை எப்படி நடக்கும்? 2002இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் அமெரிக்கக் குருக்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பில் 15 விழுக்காட்டினர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்றோ, அந்தப் பக்கம் சாய்ந்தவர் என்றோ குறிப்பிட்டார்கள். பெயரில்லாத தாளில்கூட எழுதத் துணிந்தவர்கள் மட்டும் அவ்வளவு பேர். கிளீவ்லாந்து குருமடத்தின் அதிபராக இருந்த டொனால்ட் கோசன்ஸ் 2000இல் எழுதிய நூலில் இதைவிடக் கூடுதலான மதிப்பீடுகளை எடுத்துக்காட்டினார். எதிரிகள் கிளப்பிய கதை என்று தள்ளிவிட முடியாதபடி, குருமடத்தை நடத்தியவரே சொன்னார். எண்ணிக்கையில் இதற்கு மேல் நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. நூற்றில் ஐவரே என்றாலும் என் வாதம் மாறாது.

இரகசியம் எப்படி அதிகாரமாகிறது என்பதை ஒருவருடைய கதையில் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ்-எடின்பரோ பேராயராக 1985 முதல் இருந்தவர், 2003இல் கர்தினாலானவர், கீத் ஓ'பிரையன்.

கர்தினாலாக அறிவிக்கப்பட்ட சில நாட்களில் ஓ'பிரையன் ஒரு கூட்டத்தில், மணத்துறவு, கருத்தடை, தன்பாலீர்ப்பு ஆகியவை குறித்துத் திருஅவைக்குள் வெளிப்படையான உரையாடல் வேண்டும் என்று பேசினார். கண்டனம் கிளம்பியது. அக்டோபர் மாதத்திலேயே அவர் விசுவாச அறிக்கையோடு கூடுதலாகச் சில உறுதிமொழிகளைச் சேர்த்து வாசித்தார். தன்பாலுறவு ஒழுக்கக்கேடானது என்ற திருஅவைப் போதனையை ஏற்பதாகவும் காப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். ஒரு வாய் திறந்து, விரைவிலேயே மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. ஸ்காட்லாந்து அரசு தன்பால் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவர முனைந்தபோது எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். 2012 மார்ச்சில் டெலிகிராப் நாளிதழில் எழுதிய கட்டுரையில் அது உலகம் ஏற்ற மனித உரிமை ஒன்றை அருவருப்பாகக் கவிழ்ப்பது என்றார். அடிமை முறையைச் சட்டமாக்குவதோடு ஒப்பிட்டார். அந்த ஆகஸ்டில் ஸ்காட்லாந்து ஆயர்களின் எதிர்ப்புக் கடிதம் நாட்டின் 500 பங்குகளிலும் ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்பட்டது. அந்தப் பீடங்களில் நின்று அதை வாசித்த குருக்களில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வாசிக்காமல் விட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கூடுதல் அழுத்தத்தோடு வாசித்தவர் எத்தனை பேர்?

2013 பிப்ரவரியில், பெனடிக்ட் பதவி விலகுவதாக அறிவிப்பதற்குச் சற்று முன், மூன்று குருக்களும் முன்னாள் குரு ஒருவரும் லண்டனில் இருந்த திருப்பீடத் தூதரிடம் ஓ'பிரையன் மீது புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 23இல் அப்சர்வர் இதழ் செய்தியை வெளியிட்டது. 25ஆம் தேதி அவர் விலகல் நடைமுறைக்கு வந்தது. திருத்தந்தைத் தேர்தலில் பிரிட்டனின் ஒரே வாக்கு அவருடையது, அவர் போகவில்லை. மார்ச் 3இல் தம் பாலியல் நடத்தை குருவுக்கும் பேராயருக்கும் கர்தினாலுக்கும் உரிய தரத்திலிருந்து தாழ்ந்திருந்தது என்று ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டார். 2015இல் கர்தினாலுக்கான உரிமைகளைத் துறந்தார். 2018 மார்ச்சில் இறந்தார்.

செய்தித்தாள்கள் அவருடைய இரட்டை வேடத்தைப் பற்றி எழுதின. நான் புகார் கொடுத்தவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களில் முன்னாள் குருவாக இருந்தவர், 1980இல் டிரைகிரேஞ்ச் என்ற ஊரிலிருந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் குருமடத்தில் 20 வயது மாணவர். ஓ'பிரையன் அவருடைய ஆன்ம குரு. இரவுச் செபம் முடிந்த பிறகு முறைதவறி நெருங்கினார் என்பது புகார். அந்த இளைஞர் பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சோர்ந்து கிடந்ததை ஆசிரியர்கள் கவனித்துக் குறித்திருக்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. பிறகு குருப்பட்டமும் பெற்றார். ஓ'பிரையன் ஆயரானதும் குருத்துவத்தை விட்டு விலகினார். கல்யாணம் செய்துகொள்ளத்தான் போகிறார் என்று ஊர் நினைத்தது. பட்டம் பெறும்போது ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறோம், அவர் நினைத்தால் இடம் மாற்றலாம், ஒதுக்கலாம், தூக்கி விடலாம், வாழ்வின் ஒவ்வொரு அங்குலமும் அவர் கையில் என்று அவர் பின்னாளில் விளக்கினார். என் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்ளவே வெளியேறினேன் என்றார்.

புகார் வெளிவர 33 ஆண்டுகள் ஆயின. ஏன்? 1980இல் அந்த மாணவர் அதிபரிடம் போய்ச் சொன்னால் முதலில் என்ன கேட்டிருப்பார்கள்? உன்னை ஏன் தேடி வந்தார் என்று கேட்டிருப்பார்கள். 1961இன் தடை புகார் கொடுப்பவனையும் சந்தேகக் கூண்டில் ஏற்றிவிடும். தப்பு செய்தவருக்கு அந்தத் தடையே காவல். தன்பாலீர்ப்பைக் கண்டிக்கும் விதி, அதிகாரத்தில் இருப்பவரின் அத்துமீறலை மூடும் போர்வையாக மாறுவது இப்படித்தான். ஓ'பிரையனின் ஈர்ப்பு எது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவர் குற்றம், தம் கீழ் இருந்தவர்களிடம் அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அந்த 20 வயது மாணவர் ஒரு பெண்ணாக இருந்திருந்தாலும் குற்றம் அதேதான்.

அமெரிக்கக் கர்தினால் தியடோர் மெக்காரிக் கதையும் இதே தடத்தில் ஓடுகிறது. நியூஜெர்சி கடற்கரை வீட்டுக்குக் குருமாணவர்களை அழைத்துப் போய், படுக்கை போதாதபடி ஆள் சேர்த்து, ஒருவரைத் தம் படுக்கையில் படுக்கச் சொல்வார். 2005இலும் 2007இலும் நியூஜெர்சி மறைமாவட்டங்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்துச் சமரசம் செய்தன, வெளியே சொல்லவில்லை. சிறுவர் மீதான அத்துமீறல் புகார் நம்பத்தக்கது என்று 2018இல் அறிவிக்கப்பட்ட பிறகே எல்லாம் வெளிவந்தது. 2019இல் குருநிலையிலிருந்தே நீக்கப்பட்டார்.

இந்த இடத்தில் ஒரு பொய்க்கணக்கைத் தீர்த்தாக வேண்டும். சிறுவர்மீது குருக்கள் நடத்திய பாலியல் கொடுமைக்குத் தன்பாலீர்ப்பே காரணம் என்று சொல்பவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. 2010 ஏப்ரலில் வத்திக்கான் செயலர் கர்தினால் பெர்த்தோனே சிலி நாட்டில் இதையே சொன்னார். வத்திக்கான் பேச்சாளர் விளக்கம் கொடுத்துச் சமாளிக்க வேண்டி வந்தது. அமெரிக்க ஆயர்களே பணம் கொடுத்து ஜான் ஜே கல்லூரியிடம் ஆய்வு செய்யச் சொன்னார்கள். 2004இல் வந்த முதல் அறிக்கையின்படி பாதிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஆண்பிள்ளைகள். அந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் 2011இன் இரண்டாவது அறிக்கையைப் படிக்கவில்லை. தன்பாலீர்ப்புள்ள குருக்கள் மற்றவர்களைவிடச் சிறுவரை வதைக்கக்கூடியவர்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றது அது. குருவின் கைக்கு எட்டிய தூரத்தில் பீடச் சிறுவர்களே இருந்தார்கள் என்பதை ஒரு காரணமாகக் காட்டியது. தன்பாலீர்ப்புள்ள மாணவர்கள் குருமடங்களில் கூடியதாகச் சொல்லப்பட்ட எழுபதுகளின் இறுதிக்கும் எண்பதுகளுக்கும் பிறகு கொடுமைகள் குறைந்தன என்பதையும் சுட்டியது. பழியை ஒரு கூட்டத்தின் மீது இறக்கி வைத்தால், புகாரைப் புதைத்த ஆயர்களை யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வசதிக்காகவே இந்தப் பொய் இன்னும் உயிரோடிருக்கிறது.

இரகசியம் சாவிலும் ஒருவரை விடாது. எமர்சன் மூர் என்ற ஆயரைப் பற்றிச் சொல்கிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் பங்குத்தந்தை. 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் ஹார்லெமுக்கு வந்தபோது வரவேற்றவர். 1982இல் துணை ஆயரானார். 1995இல் நியூயார்க்கை விட்டு மினசோட்டா மாநிலத்துக்குப் போய், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். மரணச் சான்றிதழில் 'காரணம் அறியப்படாத இயற்கை மரணம்' என்று எழுதினார்கள். தொழில் என்ற கட்டத்தில், தொழிற்சாலைத் தொழிலாளி என்று எழுதினார்கள். எய்ட்ஸ் செயற்பாட்டாளர் ஒருவர் புகார் கொடுத்த பிறகு மரண காரணத்தைத் திருத்தினார்கள். தொழிலைத் திருத்தவில்லை. கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 2000 ஜனவரியில் இதை வெளியிட்டது. அந்த நாளிதழின் கணிப்பில் பதில் அனுப்பிய குருக்களில் பத்தில் ஆறு பேர், எய்ட்ஸால் இறந்த குரு ஒருவரையாவது தமக்குத் தெரியும் என்றார்கள்.

அந்த நோய் மூருக்கு எப்படி வந்தது என்பதை நான் கேட்கவில்லை. உங்களையும் கேட்க வேண்டாம் என்கிறேன். எய்ட்ஸ் வந்தவர் எல்லாரும் தன்பாலீர்ப்பாளர் என்று முடிவுகட்டுவது அறியாமை. என் மனதை அறுப்பது அந்தத் தொழில் கட்டம்தான். தம் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், அவர்கள் இறந்தபோது கல்லறை வரை நடந்தவர், அவர் இறந்தபோது குரு என்று எழுதக்கூட ஆளில்லை.

மறைப்பு இருக்கும் இடத்தில் வேட்டைக்காரர்களும் வருவார்கள். 2021 ஜூலையில் அமெரிக்க ஆயர் பேரவையின் பொதுச்செயலர் பேரருட்தந்தை ஜெஃப்ரி பரில் பதவி விலகினார். தன்பாலீர்ப்பாளருக்கான கிரைண்டர் என்ற செயலியிலிருந்து சந்தையில் விற்கப்பட்ட இடத்தரவுகளைப் பெற்று, அவருடைய கைபேசி எங்கெங்கே போனது என்று தடம் பிடித்து, கத்தோலிக்க இணைய இதழ் ஒன்று வெளியிடவிருந்தது. 2023இல் வாஷிங்டன் போஸ்ட் கண்டுபிடித்தது இன்னும் கசப்பானது. டென்வர் நகரப் பொதுநிலையினர் அமைப்பு ஒன்று, இப்படிப்பட்ட தரவுகளை வாங்கிக் குருக்களைத் துப்பறிந்து ஆயர்களுக்குக் கொடுக்க, குறைந்தது 40 லட்சம் டாலர் செலவிட்டிருந்தது. பக்தியுள்ள செல்வந்தர்களின் காணிக்கை அது. எத்தனை பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம் என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை. குரு வாக்குத் தவறினால் அவரைக் கேட்க அவருடைய ஆயர் இருக்கிறார். ஒருவருடைய சட்டைப்பைக்குள் இருக்கும் கைபேசியின் தடத்தை விலைக்கு வாங்கிப் பின்தொடர்வது எந்த நற்செய்தியில் வருகிறது?

வேட்டை மற்றப் பக்கத்திலிருந்தும் நடக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரெடெரிக் மார்ட்டெல் 2019 பிப்ரவரியில் வத்திக்கானைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். திருஅவைத் தலைவர் ஒருவர் தன்பாலீர்ப்பை எவ்வளவு கடுமையாக எதிர்க்கிறாரோ அவ்வளவுக்கு அவர் தாமே தன்பாலீர்ப்பாளராக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மார்ட்டெலின் கட்சி. நம்மவர்களுக்கும் இந்தக் கட்சி பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்கவில்லை. கடுமையாகப் பேசுகிறவர் பலர் அதை உண்மையாகவே நம்புகிறவர்கள். அவர்களோடு வாதாட வேண்டும். அவர்களுடைய படுக்கையறையைப் பற்றி ஊகம் செய்தால், தன்பாலீர்ப்பு ஒரு வசைச்சொல்லாகவே நீடிக்கும். சிலருடைய கடுமைக்கு அச்சம் காரணம் என்பதை மறுக்கவில்லை. அந்த அச்சத்தை விதைத்தது விதி. விதியைப் பேசுவோம்.

வெளிப்படையாகப் பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். இயேசு சபைக் குரு ஜான் மெக்நீல் 1976இல் திருஅவையும் தன்பாலீர்ப்பாளரும் குறித்து இறையியல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டே இது பற்றிப் பேசக் கூடாது என்று வாய்ப்பூட்டு. ஒன்பது ஆண்டுகள் கீழ்ப்படிந்து மௌனமாக இருந்தார். 1986இல் கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அந்த நாட்டமே ஒழுங்குபிறழ்ந்தது என்று கடிதம் வெளியிட்டபோது மௌனத்தைக் கலைத்தார். 1987இல் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றக் குருக்கள் பேசாதே என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, மைக்கேல் ஜட்ஜைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரான்சிஸ்கன் சபைக் குரு, நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்ம வழிகாட்டி. எண்பதுகளில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்றவர்கள் அஞ்சியபோது அவர்கள் படுக்கையருகே உட்கார்ந்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரத்துக்குள் தீயணைப்பாளர்களோடு போனார். தெற்குக் கோபுரம் சரிந்தபோது பறந்து வந்த இடிபாடுகள் பட்டு, அங்கேயே இறந்தார். சாம்பல் படிந்த ஐந்து ஆண்கள் ஒரு நாற்காலியில் வைத்து அவர் உடலைத் தூக்கி வரும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவரைத் தூக்கிப்போய் அருகிலிருந்த செயின்ட் பீட்டர்ஸ் ஆலயப் பீடத்தின் முன் கிடத்தினார்கள். அன்றைய சாவுக் கணக்கில் அவர் எண் 0001.

அவர் தன்பாலீர்ப்பாளர். நெருங்கிய சிலருக்குத் தெரியும். தீயணைப்புத் துறை ஆணையருக்கும் தெரிந்திருந்தது. உலகத்துக்கு இறந்த பிறகே தெரிந்தது. 2005இன் அறிவுறுத்தலை அவர் இளைஞராக இருந்த காலத்துக்குக் கொண்டுபோய் நேர்மையாகச் செயல்படுத்தினால், அவர் குருவாகியிருக்க முடியாது. அந்தக் காலை அந்தக் கட்டடத்துக்குள் செபித்தபடி நின்ற குரு இருந்திருக்க மாட்டார். ஈர்ப்பு ஒருவரை நல்ல குருவாக்காது, கெட்ட குருவும் ஆக்காது. ஓ'பிரையனையும் ஜட்ஜையும் பிரிப்பது, தம்மை நம்பி வந்தவர்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம்.

திருத்தந்தை பிரான்சிஸ் இதை அறிந்திருந்தாரா? அறிந்தும் தடுமாறினார் என்றே நினைக்கிறேன். 2013 ஜூலையில் பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில், தீர்ப்பிட நான் யார் என்று அவர் கேட்டது உலகம் முழுக்க எதிரொலித்தது. அது தன்பாலீர்ப்புள்ள குருக்களைப் பற்றிய பேச்சில் வந்த பதில் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல என்றார். ஆனால் 2024 மே மாதம் இத்தாலிய ஆயர்களோடு நடந்த மூடிய கூட்டத்தில், குருமடங்களில் அந்தப் போக்கு மிகுந்துவிட்டது என்று சொல்ல ரோமாபுரித் தெருக்களின் தரக்குறைவான சொல் ஒன்றைப் பயன்படுத்தினார் என்று செய்தி வந்தது. மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வத்திக்கான் அறிக்கை வெளியிட்டது. அவரை நேசித்த ஒருவனாகச் சொல்கிறேன்: அந்தச் சொல் வாய்தவறி வந்ததா என்பது சிறிய விஷயம். தடை தொடரட்டும் என்று சொல்லத்தான் அந்த வாக்கியமே தொடங்கியது.

ஆனாலும் கதவு ஓரளவு அசைந்திருக்கிறது. 2022 ஜனவரி 24 அன்று ஜெர்மனியில் 125 திருஅவைப் பணியாளர்கள், குருக்கள் உட்பட, ஒரே நாளில் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். அங்கே திருஅவையிலும் அதன் காரித்தாஸ் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் சுமார் 8 லட்சம் பேர். தன்பால் துணையைப் பதிவு செய்தாலே வேலை போகும் நிலை இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆயர்கள் பணி விதியை மாற்றினார்கள். பணியாளரின் அந்தரங்க வாழ்வில் நிர்வாகம் கைவைக்காது என்றார்கள். 125 பேர் சேர்ந்து பேசியதால் பத்து மாதத்தில் நடந்தது அது. இத்தாலியிலும் 2025 ஜனவரியில் வந்த குருமட வழிகாட்டி, மூன்று ஆண்டு சோதனை அடிப்படையில், 2005இன் தடையை மேற்கோள் காட்டிவிட்டு, ஒருவரின் தகுதியை ஈர்ப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் முழு ஆளுமையையும் பார்க்கச் சொன்னது. மணத்துறவில் நிலைத்திருக்க முடியுமா என்ற கேள்வியை எல்லாருக்கும் பொதுவாக வைத்தது. அரை அடிதான். வரவேற்கிறேன்.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளரை விடுவித்தது. அதற்கு முன்பே, 2013 டிசம்பரில் அதே நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தக்கவைத்தபோது, மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், அவர்களைக் குற்றவாளிகளாகத் திருஅவை பார்ப்பதில்லை என்று சொன்னார். நாட்டின் சட்டம் மாறிவிட்டது. குருமட வாசலில் சட்டம் மாறவில்லை. ரோமில் எழுதிய 2005இன் வரிகள் நம் குருமடங்களையும் கட்டுப்படுத்துகின்றன.

இங்கே வந்திருக்கும் அருட்தந்தையரில் குருமடப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்களிடம் மனம் திறக்கும் மாணவனை, திறந்ததற்காகத் தண்டிக்காதீர்கள். மணத்துறவுக்கு அவன் தகுதியானவனா என்று மற்றவனிடம் கேட்கும் அதே கேள்விகளை அவனிடமும் கேளுங்கள். அத்துமீறலைப் பற்றி எந்த மாணவன் புகார் சொன்னாலும், சொன்னவனின் ஈர்ப்பை விசாரிக்காமல் சொல்லப்பட்டவரின் நடத்தையை விசாரியுங்கள். பங்கு மக்களுக்கு ஒன்று. உங்கள் பங்குத்தந்தையைப் பற்றிக் கிசுகிசு கிளம்பும்போது, அவரால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். நேர்ந்திருந்தால் காவல் நிலையம் வரை போங்கள். நேரவில்லை என்றால், அந்தப் பேச்சை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். நம் ஆயர் பேரவைக்கு மூன்றாவது வேண்டுகோள்: 2005ஆம் ஆண்டின் அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெறும்படி ரோமுக்கு எழுதுங்கள். உங்களுக்குக் கீழ் உள்ள குருக்களில் சிலர் அந்தக் கடிதத்துக்காகவே பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.